மேடக் புல்வெளிக்கு வந்த வெள்ளம்

டீ நன்றாக இருந்தது, நன்றி. காவல் நிலையத்து டீயை வாயில் வைக்க முடியாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் குடித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை, ஆய்வாளர் அம்மா. எங்கள் ஊராட்சி மன்றத்தில், போன கூட்டத்தில் பேசியதைத் திருத்தி ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த கூட்டமே தொடங்கும். இத்தனை வருஷம் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. நேற்று உங்களிடம் சொன்னதில் இரண்டு இடம் சரியில்லை. உரிய இடம் வரும்போது திருத்திக்கொள்கிறேன். வக்கீல் யாரும் வேண்டாம். நம் இருவருக்கும் நடுவில் புரியாத விஷயம் எதுவும் இல்லை.

என் பெயர் கிளெமென்ட் ரட்டல். வென்னிங் ஊராட்சியின் தலைவர். வெள்ளக் கண்காணிப்பாளரும் நான்தான். அந்தப் பொறுப்புக்கு ஆள் கேட்டபோது கூட்டத்தில் எல்லோரும் அவரவர் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். நான் ஒருவன்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மஞ்சள் மேலங்கி கொடுத்தார்கள். வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. ஊருக்குள் வரும் ஓடை, தெருவுக்கு அடியில் ஒரு குழாய்ப்பாலத்தில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகிறது. நுழைகிற வாயில் ஓர் இரும்புக் கிராதி. இலை, கிளை, பிளாஸ்டிக் பை, ஒரு தடவை ஒரு குழந்தையின் தள்ளுவண்டி, எல்லாம் அதில் வந்து சிக்கும். சிக்கியதை நீளக் கைப்பிடி போட்ட வாரியால் இழுத்துக் கரையில் போட வேண்டும். போடாவிட்டால் தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் பின்னால் ஏறும். ஏறினால் மேடக்கின் புல்வெளியில்தான் பரவும். அந்தப் புல்வெளியின் தாழ்ந்த மூலையில்தான் ஈனிட் ஹாலோஸின் வீடு இருக்கிறது.

முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் கிராதியைச் சுத்தம் செய்தோம். அந்த லட்சணத்தை நான் சொல்லக் கூடாது. ஒருவர் முதுகுவலி என்பார், ஒருவர் மறந்தே போனேன் என்பார், ஒருவர் வாரியைத் தன் தோட்டத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரவே மாட்டார். கடைசியில் வெறுத்துப்போய் நானே எடுத்துக்கொண்டேன். மழையோ பனியோ, காலையில் எழுந்ததும் முதல் வேலை கிராதிதான். அதற்குப் பிறகு ஊரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "கிளெம் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

இப்போது வீடுகள் விஷயம்.

ரோலண்ட் மேடக் கெட்டவன் இல்லை. முழங்கால் தேய்ந்துபோய்விட்டது, பிள்ளைகள் ஆட்டுக்குப் பின்னால் ஓட வரமாட்டோம் என்றுவிட்டார்கள். கட்டடக்காரர்கள் வந்தார்கள், புல்வெளியை விற்கிறேன் என்று சொல்லிவிட்டான். முப்பது வீடுகள். நடுவில் தன்னந்தனியாக ஒரு முள்மரம் நிற்கிறதே, அதிலிருந்து தொடங்கி மேலே சாலை வரைக்கும். என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் இதுவரை அந்தப் புல்லும் அதற்குப் பின்னால் தேவாலயக் கோபுரமும்தான் தெரியும். இனி அடுத்தவர் வீட்டுத் துணி உலரும் கொடி தெரியும். ஊர் முழுக்கக் கொதித்தது. நானும் கொதித்தேன், ஆனால் தலைவர் கொதிப்பதைக் காட்டக் கூடாது.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டோம். உட்கார இடமில்லை. ரோலண்ட் எழுந்தான்.

"முப்பது வீடு வந்தா என்னய்யா குடி முழுகிப்போகுது? பிள்ளைங்க வந்தா பள்ளிக்கூடத்தை மூட மாட்டாங்க. நின்னுபோன பஸ் திரும்ப வரும். உங்களுக்கெல்லாம் பாத்து ரசிக்க என் நிலம் வேணும், ஆனா அதுல நான் சேத்துல உழண்டுகிட்டே இருக்கணும், அப்படித்தானே?"

ஈனிட் முன்வரிசையில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர், இடுப்பு ஒடிந்து தேறியவர், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்குப் பஸ் ஓட்டியது அவர்தான். குரல் இன்னும் பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்கும்.

"பஸ்ஸைப் பத்தி நீ பேசாத ரோலண்ட். நான் ஓட்டினப்ப ஒரு நாளாவது நேரத்துக்கு வந்து ஏறியிருக்கியா நீ? உனக்காக நிறுத்தி நிறுத்தியே என் பிரேக் தேஞ்சுபோச்சு."

கூடம் சிரித்தது. ரோலண்டும் சிரித்துவிட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததும் நான் மேசையைத் தட்டி, ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்றேன். ஈனிட் என் பக்கம் திரும்பினார்.

"கிளெம், நீ செத்தா பெட்டிக்குள்ள இருந்துகிட்டே 'அழறவங்க ஒருத்தர் ஒருத்தரா அழுங்க'ன்னு சொல்லுவ பாரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரை எனக்குப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி போன பிறகு என்னைக் கிண்டல் செய்ய ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சம். அன்று ஆட்சேபணை மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே, மனுவை நடைவண்டியின் தட்டில் வைத்துப் போட்டார்.

எங்கள் வாதம் ஒன்றே ஒன்று. அது வெள்ளம் வருகிற நிலம், அங்கே வீடு கட்டக் கூடாது. கட்டடக்காரர்கள் நிபுணர்களைக் கூட்டிவந்து அறிக்கை கொடுத்தார்கள். இந்த நிலத்தில் சமீப காலத்தில் வெள்ளம் வந்ததற்குச் சான்று எதுவும் இல்லை என்றது அறிக்கை. எங்கள் எழுத்தர் பிரிஜெட் சாரெல் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"தலைவரே, அவங்க சொல்றது நெஜந்தானே? வெள்ளம் வந்து நம்மள்ல யாரு பாத்திருக்கோம்?"

"நான் சின்னப் பையனா இருந்தப்ப முள்மரம் வரைக்கும் வந்துச்சு."

"படம் ஏதாவது இருக்கா? படம் இல்லாம கட்டட அனுமதி அதிகாரி நம்ப மாட்டாரு. வாயால சொன்னா ஊர்க்கதைன்னு ஒதுக்கிடுவாரு."

படம் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குப் புரிகிறதா, அம்மா? அந்தப் புல்வெளி ஏன் இத்தனை வருஷம் காய்ந்து கிடந்தது? நான் காலையில் எழுந்து கிராதியை வாரியதால். என் முதுகு ஒடிந்ததால். என் உழைப்பை எடுத்து என் ஊர் மீதே திருப்பிவிட்டார்கள். நான் ஒழுங்காக வேலை செய்யாத ஆளாக இருந்திருந்தால் அந்த நிலத்தை எவனும் தொட்டிருக்க மாட்டான். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

ஆகவே நான் நினைத்தது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் என் வேலையைச் செய்யாமல் இருந்தால் போதும். அந்த நிலம் தன் உண்மையான குணத்தைத் தானே காட்டும். அதில் எங்கே பொய் இருக்கிறது?

பிப்ரவரியில் அந்த மழை வந்தது. நாள் கணக்கில் ஊறிப்போன மண்ணின் மேல் இன்னும் கொட்டியது. அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் பக்கத்து ஊரில் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு. எங்கள் ஊரிலிருந்து வேன் போகும். அந்த ஏற்பாடும் என் கையில்தான். காலையில் தாழ்ந்த சாலையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு ஓட்டுநரைக் கூப்பிட்டு வேனை நிறுத்தினேன். வயதானவர்கள் வழியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது? போகவேண்டியவர்களுக்கெல்லாம் நானே போன் செய்து சொன்னேன்.

இங்கேதான் முதல் திருத்தம். ஈனிட் சாப்பாட்டுக்குப் போயிருப்பார், வீடு காலியாக இருக்கும் என்று நினைத்தேன் என நேற்றுச் சொன்னேன். அப்படி இல்லை. அவருக்கும் போன் செய்தேன்.

"நல்லதாப் போச்சு கிளெம்," என்றார். "அந்த ரப்பர் கறியில இருந்து இன்னிக்கு எனக்கு விடுதலை."

"வீட்டுலயே இருங்க ஈனிட். வெளியில வராதீங்க."

"வேற எங்க போகப்போறேன், இந்த வண்டியைத் தள்ளிக்கிட்டு லண்டனுக்கா? நீ கிராதியைப் பாரு. என் நாய் காலையில இருந்து ஓடையைப் பாத்துக் குரைச்சுகிட்டே இருக்கு."

பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்க்கவும் செய்தேன்.

இரண்டாவது திருத்தம். ஓடையில் நீங்கள் கண்டெடுத்த பலகை எங்கிருந்தோ அடித்து வந்திருக்கும் என்றேன். அதுவும் சரியில்லை. நான் வாரவில்லை என்றால் போதும் என்றுதான் முதலில் நம்பினேன். ஆனால் அத்தனை காலம் நான் சுத்தமாக வைத்திருந்த ஓடையில் அடைத்துக்கொள்ளக் குப்பையே போதவில்லை. நண்பகல் தாண்டியும் தண்ணீர் மரியாதையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. மழை எந்த நேரமும் விடலாம். ஊர்ப் பழைய அறிவிப்புப் பலகை, கனமான ஓக் மரம், புதியது வைத்த பிறகு என் கொட்டகையில் சும்மா கிடந்தது. அதைக் காரில் கொண்டுவந்து கிராதியின் மேல் சாய்த்தேன். தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஜூனில் ஓடை வற்றி, தெருவுக்கு அந்தப் பக்கம் வேர்களுக்கு நடுவே அது கிடப்பதை உங்கள் ஆட்கள் பார்த்தபோது 'வென்னிங் ஊராட்சி' என்ற எழுத்து அப்படியே இருந்ததாகச் சொன்னீர்கள். அந்த எழுத்துக்கு வருஷாவருஷம் நான்தான் வண்ணம் பூசினேன்.

தண்ணீர் ஏற ஆரம்பித்தது. புல்லுக்குள் முதலில் வெள்ளி மாதிரி மினுங்கியது, பிறகு புல் முழுகியது. நான் கேமராவோடு வேலி ஓரம் நின்றேன். என் கணக்கு இதுதான்: தண்ணீர் முள்மரத்தைத் தாண்ட வேண்டும், தாண்டும்போது படம் எடுக்க வெளிச்சம் இருக்க வேண்டும். மரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் கட்டடக்காரன், அங்கேதான் நாங்கள் வீடு கட்டவில்லையே என்று சொல்லிவிடுவான். ஈனிட்டின் வீடு மரத்தைவிடத் தாழ்வு. அதனால் தண்ணீர் அங்கே முன்னதாகப் போகும். இதையும் நான் அறிவேன். நிலத்தின் ஏற்ற இறக்கம் எனக்கு அத்துப்படி.

பிரிஜெட் முழங்கால் பூட்ஸோடு ஓடி வந்தாள். மழையில் அவள் முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"தலைவரே, தண்ணி இப்படி ஏறுதே, கிராதி அடைச்சிருக்கா? வாரி எங்க? நானும் வந்து இழுக்கறேன்."

"சுத்தமா இருக்கு. இப்பத்தான் வாரிட்டு வர்றேன். மேல இருந்து வர்ற தண்ணி அதிகம், அவ்வளவுதான்."

"ஈனிட்? ஐயோ, ஈனிட் வீட்டைப் பாக்க வேணாமா?"

"அவங்க வேன்ல சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க. நீ போய்ப் பள்ளிக்கூட வாசல்ல மணல் மூட்டை போடு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மஞ்சள் மேலங்கியைப் பார்த்தாள். சரி தலைவரே என்று திரும்பி ஓடினாள். கிராதிக்கு அங்கிருந்து பத்தடி நடந்தால் போதும். எங்கள் ஊரில் யாரும் நடக்க மாட்டார்கள். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் பார்த்தாகிவிட்டது. அவளைக் குறை சொல்லாதீர்கள். அவள் நல்ல பெண். வேனை நான் நிறுத்தியது தெரிந்த அன்றே உங்களிடம் ஓடி வந்ததும் அவள்தானே. அதற்காக அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முதலில் என்னிடம் கேட்டிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் என் சட்டைப் பையில் போன் அடித்தது. ஈனிட்.

"கிளெம், தண்ணி சமையல்கட்டுக்குள்ள வந்துடுச்சு. கதவைத் தள்ளிப் பாத்தேன், நகர மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குப்பா."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. மறைக்கவில்லை, செய்தது. முள்மரத்தைப் பார்த்தேன். தண்ணீர் அதன் வேருக்கு வந்திருந்தது, தாண்டவில்லை.

"பயப்படாதீங்க. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாச்சு, வந்துகிட்டு இருக்கு. நீங்க வேற யாருக்கும் போன் பண்ணி லைனை அடைச்சு வைக்காதீங்க. நாற்காலியில ஏறி உக்காருங்க."

"நீ பக்கத்துலதானே இருக்க?"

"பக்கத்துலதான் இருக்கேன்."

அது உண்மை. நான் யாருக்கும் சொல்லவில்லை என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தீயணைப்பு வண்டி வந்தால் முதலில் கிராதியைத்தான் திறப்பார்கள். அவர்கள் வேலை அது. இன்னும் ஒரு சாண் ஏற வேண்டியிருந்தது. ஒரு சாணுக்காக முப்பது வீடுகளை விட்டுக்கொடுக்க முடியாது. தலைவராக உட்காருகிறவன் ஒரு வீட்டை மட்டும் பார்க்கக் கூடாது, ஊரைப் பார்க்க வேண்டும்.

பிறகு போன் வரவில்லை. தண்ணீர் அவர் வீட்டு போன் கம்பி வரை ஏறியிருக்கும்.

தண்ணீர் மரத்தைத் தாண்டியது. படங்கள் எடுத்தேன். அப்போது ஈனிட் சன்னலில் தெரிந்தார். எதன் மேலோ ஏறி நின்றிருக்க வேண்டும். அந்த இடுப்போடு எப்படி ஏறினார் என்று இப்போதும் வியக்கிறேன். கையில் ஒரு துண்டு. என்னைப் பார்த்து அசைத்தார். நானும் கையை உயர்த்தி அசைத்தேன். பார்த்தும் பாராதவன்போல நிற்பது மரியாதை இல்லை. பிறகு கேமராவைத் தூக்கி இன்னொரு படம் எடுத்தேன்.

இன்னும் இரண்டு மூன்று கோணங்கள் வேண்டியிருந்தன. அதிகாரிகள் ஒரே கோணத்தை ஏற்க மாட்டார்கள். வெளிச்சம் மங்கும் வரை எடுத்தேன். அதற்கு மேல் படம் வராது என்று ஆன பிறகு பலகையை எடுத்தேன். சிக்கிக்கொண்டதா என்று கேட்டீர்கள். இல்லை. சாய்க்கும்போதே அதில் கயிறு கட்டி மறுமுனையைக் கரையில் விட்டிருந்தேன். எதையும் திரும்ப எடுக்க வழி வைக்காமல் நான் செய்வதில்லை. கயிற்றைக் காரின் கொக்கியில் மாட்டி மெதுவாக நகர்த்தினேன், வந்துவிட்டது. எந்த நேரத்தில் இழுத்திருந்தாலும் வந்திருக்கும். தெருவைக் கடந்து போய் அந்தப் பக்கத்து ஓடையில் அதைப் போட்டேன். புல்வெளியில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. வாரியை எடுத்து, மீதி இருந்த கிளைகளையும் சுத்தமாக வாரிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஈனிட்டைப் போய்ப் பார்க்கவில்லை. ஈரத் துணியோடு போனால் நான் சளிபிடித்துப் படுத்துவிடுவேன், ஊருக்கு வேறு ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதாக நினைவு. மறுநாள் பிரிஜெட்தான் கதவை உடைத்தாள். குளிர்தான் காரணம், மூழ்கியது இல்லை என்று மருத்துவர் சொன்னார். நாய் அலமாரியின் உச்சியில் உயிரோடு இருந்தது. அத்தனை உயரத்துக்கு அவர்தான் தூக்கி வைத்திருக்க வேண்டும். நாயைப் பிரிஜெட் எடுத்துக்கொண்டாள். நான் அந்தத் தெருவில் போனால் இன்னும் குரைக்கிறது.

படங்களை அதிகாரிக்கு அனுப்பினோம். நன்றாக வந்த படத்தில் ஈனிட்டின் சன்னலும் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அந்தத் துண்டு தெரியும். அந்த ஓரத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் புல்வெளியின் தாழ்ந்த மூலை போய்விடும், தண்ணீரின் ஆழமும் தெரியாது. அப்படியே அனுப்பினேன். மே மாதம் தீர்ப்பு வந்தது. வீடுகளுக்கு அனுமதி இல்லை. ரோலண்ட் என்னைக் கண்டால் இப்போது தெருவின் அந்தப் பக்கம் போகிறான். ஊர்க்கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வாக்குமூலம் கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போகுமா? போக வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. படத்தில் இருக்கும் தண்ணீர் உண்மையான தண்ணீர். அது எப்படி வந்தது என்பது நமக்குள் முடிய வேண்டிய விஷயம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நிலத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? இன்னும் கொஞ்சம்தான்.

போன மாதக் கூட்டத்தில் அந்தப் புல்வெளிக்கு ஈனிட் ஹாலோஸ் புல்வெளி என்று பெயர் வைத்தோம். முன்மொழிந்தவன் நான். பேசும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, பிரிஜெட் தண்ணீர் கொடுத்தாள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஈனிட் உயிரோடு இருந்திருந்தால் அவரும் கை தூக்கியிருப்பார்.